இரண்டாவது புட்டி

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் நலம், என் வயிறு உட்பட. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொல்ல வெட்கமாக இருந்ததால் எழுதுகிறேன். போன மாதம் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனையை மெஷின் கோளாறால் தள்ளிவைத்தார்கள் என்றேன் அல்லவா, அது பொய். கோளாறு என்னிடம்தான். முதல் நாள் சாயங்காலம் ஒரு புட்டி, மறுநாள் விடியற்காலை ஒரு புட்டி என்று பேதி மருந்து கொடுத்திருந்தார்கள். முதல் புட்டிக்கே எட்டுத் தடவை ஓடினேன், கடைசியில் வெறும் தண்ணீராகப் போனது. நாற்பது வருடம் குழாய் அடைப்பு எடுத்தவன் நான், தண்ணீர் தெளிந்தால் சாமானைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்பதே எனக்குத் தெரிந்த சட்டம். அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து இரண்டாவது புட்டிக் கண்றாவியைச் சிங்க்கில் ஊற்றிவிட்டேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றும் தெரியவில்லை, மறுபடி வாங்க என்று அனுப்பிவிட்டார். படுத்துத் தூங்கும்போதும் மேலேயிருந்து குடலுக்குள் அழுக்கு இறங்கிக்கொண்டே இருக்குமாம், அதைக் கழுவத்தான் காலைப் புட்டியாம். ஊர் வீட்டுக் குழாயெல்லாம் தெரியுது, உங்க வயிறு தெரியலையே என்று அம்மா ஒரு வாரம் என்னை வறுத்தெடுத்தாள்.

இந்தத் தடவை அவளே காவல். மூன்று நாள் முன்பே கீரை, விதையுள்ள பழம் எல்லாம் நிறுத்தி, முந்தின நாள் வடிகட்டிய சூப்பும் பாலில்லாத டீயும்தான் தந்தாள். விடியற்காலை கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து டம்ளரை நீட்டினாள், மூக்கைப் பிடித்துக்கொண்டு கடைசிச் சொட்டு வரை குடித்தேன். குடல் மடிப்புக்குப் பின்னால் பட்டாணி அளவு சதை வளர்ச்சி இருந்ததாம், அங்கேயே வெட்டி எடுத்துவிட்டார்கள். நேற்று ரிசல்ட் வந்தது, புற்று இல்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கக்கூடும். போன தடவை அழுக்கு மூடியிருந்தது சரியாக அந்த இடத்தில்தானாம். பார்க்கவே மாட்டேன் என்று அடம்பிடித்துக் குடல் புற்றில் போன உன் பெரியப்பா நினைவுக்கு வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதேன். பிறகு பசித்தது, வீட்டுக்கு வந்து இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன்.

உனக்கு அடுத்த மாதம் நாற்பது. எனக்கும் பெரியப்பாவுக்கும் இப்படி வந்ததால் நீயும் தள்ளிப்போடாமல் பார்த்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். பிடிவாதத்தில் நீ என்னைக் கொண்டவள், காவலுக்கு அம்மாவும் அங்கே இல்லை. ஆகவே இரண்டாவது புட்டியைத் திறக்கும்போது எனக்கு போன் போடு. நீ குடித்து முடிக்கும்வரை லைனிலேயே இருக்கிறேன். சிங்க்கில் ஊற்றினால் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன், அது என் தொழில்.

நூறு வயது நன்றாக இரு, தாயி.

இரண்டு புட்டியும் குடித்த,
உன் அப்பா