நாற்பத்து நாலாம் எண் சட்டை

மார்க்வெட்,
ஜூலை 23, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ரெய்னோவுக்கு,

நலம். கைசாவும் நலம், மூக்கைத் தவிர. மூக்கைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அதற்குள் பதறாதே, எலும்பு முறியவில்லை.

உன் கப்பல் வெள்ளிக்கிழமை டெட்ராய்ட் ஆற்றைக் கடக்கும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அஞ்சல் படகுக்காரர்கள் இந்தக் கடிதத்தை வாளியில் போட்டு மேலே ஏற்றும்போது தயவுசெய்து இயந்திர அறையிலிருந்து அப்படியே ஓடி வந்து எண்ணெய்க் கையால் பிரிக்காதே. போன கடிதத்தில் பாதி வரிகள் தெரியவில்லை என்று நீயே எழுதியிருந்தாய். போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ ஏரி நடுவில் இருக்கும்போது போனில் எனக்குக் கிடைப்பதெல்லாம் "என்னது? என்னது?" என்ற உன் குரல் மட்டும்.

கூடைப்பந்துப் போட்டியில் ஜெயித்தீர்களா என்று கேட்டிருந்தாய். ஐந்து ஆட்டம், மூன்று வெற்றி. அதை இப்போதே மறந்துவிடலாம், ஏனென்றால் அங்கே யாரும் ஜெயிப்பதற்காகப் போவதில்லை, பார்க்கப்படுவதற்காகப் போகிறார்கள். மில்வாக்கிக்குப் பக்கத்தில் கிடங்கு மாதிரி ஒரு கூடம். பன்னிரண்டு ஆடுகளங்கள், பன்னிரண்டிலும் ஒரே நேரத்தில் விசில். ஒவ்வொரு களத்தின் ஓரத்திலும் மடக்கு நாற்காலிகளில் கல்லூரிப் பயிற்சியாளர்கள், நெஞ்சில் கல்லூரியின் பெயர், மடியில் பட்டியல் புத்தகம். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன். என் வகுப்பின் கடைசி பெஞ்சில் திடீரென்று வந்து உட்கார்ந்து குறிப்பு எழுதுவாரே கல்வி அதிகாரி, அவரை நினைத்துக்கொள். அப்படி இருநூறு பேர்.

அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பெண்ணுக்கும் சட்டை எண், பெயர், உயரம், பள்ளி இவ்வளவுதான் இருக்கும். பயிற்சியாளர்கள் எண்ணைப் பார்த்துப் பெயரைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் எதையாவது கிறுக்குவார்கள். ஆட்டம் நடக்கும் மூன்று நாளும் பெண்களோடோ பெற்றோரோடோ அவர்கள் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று விதி. கழிவறை வரிசையில் ஒரு அம்மா தன் பின்னால் நின்ற பயிற்சியாளருக்கு "குட் மார்னிங்" சொல்லிவிட்டார். அந்தப் பயிற்சியாளர் வரிசையை விட்டே ஓடிவிட்டார். பாவம், ரொம்ப நேரமாக நின்றுகொண்டிருந்தவர்.

இந்த இடத்தில் உன்னிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் கிளப்பின் பயிற்சியாளர் ரஸ் பட்டியலுக்கான படிவத்தில் கைசாவின் உயரத்தை ஐந்தடி ஏழு என்று போட்டிருந்தார். அவள் ஐந்தடி ஐந்து என்று உனக்குத் தெரியும், வருடா வருடம் அவள் உயரத்தைக் கோடு போட்டு வைத்த சமையலறைக் கதவுக்கும் தெரியும். கேட்டதற்கு, "எல்லாரும் ரெண்டு அங்குலம் ஏத்திதான் போடுறாங்க டீச்சர். நாம மட்டும் உண்மையைப் போட்டா, அவங்க அதுலயும் ரெண்டைக் கழிச்சுட்டு அஞ்சடி மூணுன்னு நெனச்சுக்குவாங்க" என்றார். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு அளவுகோல் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான். கையெழுத்துப் போட்டேன்.

கைசாவுக்கு ஒரே ஒரு கல்லூரிதான் மனதில். ஈரி ஏரிக் கரையில் இருக்கும் ஆல்டன் ஃபெரி. ஏரிகளைப் பற்றிய படிப்பு அங்கேதான் நன்றாக இருக்கிறதாம், உன் மகள் வேறு எதைப் படிப்பாள். ஆட்டத்தை வைத்து உதவித்தொகையோடு இடம் கிடைத்தால்தான் அவளை அங்கே அனுப்ப முடியும் என்று உனக்கும் எனக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும், வாயைத் திறந்து சொல்லமாட்டாள். பள்ளியில் அவளுக்கு இதுதான் கடைசிக் கோடை. அந்தக் கல்லூரியின் பயிற்சியாளர் ஹாலோரன் என்ற பெண்மணி சனிக்கிழமை காலை ஆட்டத்துக்கு வருவதாக ரஸுக்குத் தகவல். வெள்ளிக்கிழமை முழுவதும் கைசா சாப்பிட்டது ஒன்றரை வாழைப்பழம்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஆட்டம் தொடங்கியது. ஒன்பது ஒன்றுக்கு எதிரணிப் பெண் ஒருத்தியின் முழங்கை நம் மகளின் மூக்கில். அந்த மூக்கைப் பற்றி இவ்வளவுதான், ரத்தம் வந்தது, நின்றது. ஆனால் சட்டையில் ரத்தம் பட்டால் அதோடு ஆடக் கூடாது. மாற்றுச் சட்டை எங்கே என்று தேடினால், கூடுதல் சட்டைகள் இருந்த பெட்டியை ரஸ் தன் வீட்டுக் கார் கொட்டகையில் பத்திரமாக வைத்துவிட்டு வந்திருக்கிறார். பையில் இருந்தது ஒன்றே ஒன்று. ஜோரியின் நாற்பத்து நாலு.

ஜோரி உனக்கு நினைவிருக்கும். ஹால்வர்சன் வீட்டுப் பெண், ஆறடி மூன்று அங்குலம், போன குளிர்காலத்தில் நம் வீட்டு வாசற்படி விளக்கை நின்றபடியே மாற்றிக் கொடுத்தாளே. மே மாதம் பாதத்தில் எலும்பு முறிந்து கட்டோடு வீட்டில் கிடக்கிறாள். பட்டியல் அதற்கு முன்பே அச்சுக்குப் போய்விட்டதால் அவள் பெயர் அதில் அப்படியே இருக்கிறது.

கைசா அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு, மூக்கின் ஒரு துளையில் பஞ்சோடு வந்தாள். முழங்கால் வரைக்கும் சட்டை. என் பக்கத்தில் இருந்த டார்லா ஃபென்விக், அவள் மகளும் நம் அணிதான், கூடமே அதிரக் கத்தினாள், "ஏய் கைசா! எழுந்ததும் நைட்டியோடயே வந்துட்டியா?" கைசா திரும்பிப் பார்த்து, "ஆமா ஆன்ட்டி, காபி போட்டாச்சா?" என்றாள். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

சரியாக அந்த நேரத்தில், ஒன்பதாம் களத்தில் ஒரு ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் காபியும் கையுமாக வந்து உட்கார்ந்தார் ஹாலோரன். எனக்கு இரண்டு வரிசை கீழே. சட்டை மாறியதை அவர் பார்க்கவில்லை.

இனி நடந்ததை நீ நம்பமாட்டாய். எதிரணிப் பயிற்சியாளர் போன வருட ஆட்டங்களைப் பார்த்து ஒவ்வொரு எண்ணுக்கும் குறிப்பு எழுதி வைத்திருந்தார். நாற்பத்து நாலு என்றால் கூடைக்கு அடியில் மட்டும்தான் ஆபத்து, தூரத்திலிருந்து எறியத் தெரியாது. அது உண்மைதான், ஜோரிக்கு. கைசா வெளியே பந்தோடு நிற்கிறாள், அவர் கத்துகிறார், "நாப்பத்து நாலை விடு! அவளுக்கு அங்கேருந்து போடத் தெரியாது!" யாரும் கிட்டே வரவில்லை. போட்டாள். மூன்று புள்ளி. மறுபடியும் "விடுங்கறேன்ல!" மறுபடியும் மூன்று. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை தப்பாக அச்சாகியிருந்தால், தான் சரியாகப் போட்ட கணக்கை அழித்துவிட்டு அந்தத் தப்பு விடையை எழுதும் பிள்ளைகள் வருடத்துக்கு நாலு பேராவது என்னிடம் இருந்தார்கள். அந்த மனிதரும் அதே ரகம். கண்ணெதிரே ஒரு குள்ளப் பெண் ஆடுகிறாள், அவர் காகிதத்தை நம்புகிறார். ஐந்தாவது பந்து விழுந்த பிறகுதான் காகிதத்தைக் கசக்கி எறிந்தார். அதற்குள் கைசாவுக்குக் கை பழகிவிட்டது. ஆறாவதை ஆள் மறித்து நிற்கும்போதே போட்டாள்.

கூடம் முழுவதும் அந்தக் களத்தைத் திரும்பிப் பார்த்தது. நான் மட்டும் களத்தைப் பார்க்கவில்லை. ஹாலோரனின் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பட்டியலைப் பார்த்தார், கைசாவைப் பார்த்தார், மறுபடியும் பட்டியலைப் பார்த்தார். பிறகு "44, ஜோரி ஹால்வர்சன்" என்ற வரிக்குப் பக்கத்தில் ஓரம் நிரம்ப எழுதினார், அடிக்கோடு போட்டார், நட்சத்திரமும் போட்டார்.

ரெய்னோ, ஒருத்தியின் விடைத்தாளுக்கு இன்னொருத்தியின் பெயரில் மதிப்பெண் விழுவதை முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட நான் விட்டதில்லை. எட்டிப்பிடிக்கும் தூரத்தில் அந்த வரி இருக்கிறது. சொல்லக் கூடாது. கடைசியில் டார்லாவிடம் சொல்வது போல உரக்கச் சொன்னேன், "டார்லா! இன்னிக்கு நாப்பத்து நாலாம் நம்பர் சட்டையில ஆடுறது என் பொண்ணு கைசாதானே?"

டார்லா என்னை விநோதமாகப் பார்த்து, "உன் பொண்ணு யாருன்னு என்னை ஏன்டி கேக்குற? வெயில்ல எதுவும் நின்னியா?" என்றாள். ஹாலோரன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு களத்தின் மறுகோடிக்குப் போய்விட்டார். காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

ரஸ் இடைவேளையில் வந்து என்னைத் திட்டினார். பத்து வயதில் என்னிடம் பின்னக் கணக்குப் படித்த பையன் அவர். "டீச்சர், நீங்க வாயைத் திறந்தா அந்தம்மா நம்ம பக்கமே திரும்பமாட்டாங்க. எல்லாம் முடியட்டும், திங்கக்கிழமை நானே போன் பண்ணிச் சொல்றேன். அதுவரைக்கும் பேசாம உக்காருங்க." பேசாமல் உட்காருங்கள் என்று எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை கைசா, துவைத்த தன் சொந்தச் சட்டையில், இருபத்து மூன்றாம் எண்ணில் ஆடினாள். ஹாலோரன் மறுபடியும் வந்தார். பத்து நிமிடம் நாற்பத்து நாலைத் தேடினார், காணவில்லை, எழுந்து போய்விட்டார். திரும்பி வரும்போது வண்டியில் ஐந்து மணி நேரமும் கைசா ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். "நல்லா ஆடினேன்மா. ஆனா ஜோரிக்காக ஆடிட்டேன்" என்றாள். பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நாங்கள் வண்டியில் இருந்தபோதே விஷயம் ரஸையும் தாண்டிப் போய்விட்டது எங்களுக்குத் தெரியாது. போட்டி முடிந்த அன்று மாலையே பயிற்சியாளர்கள் போனில் பேசலாம். ஹாலோரன் கூப்பிட்டது ஜோரியை. அவள் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு சமையல் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தாளாம். சட்டை மாறிய கதை அணிப் பெண்கள் சொல்லி அவளுக்கு ஏற்கெனவே தெரியும். "நீ எறியற வேகம் என்ன, மூக்குல பஞ்சோட நீ ஓடின ஓட்டம் என்ன" என்று அவர் பாராட்டியிருக்கிறார். நாங்கள் வீட்டுக்குள் நுழைவதற்குள் ஜோரி கைசாவுக்குப் போன் செய்துவிட்டாள். "ஏய் குள்ளச்சி! என் சட்டையைப் போட்டுக்கிட்டு எனக்கு ஒரு காலேஜையே வாங்கிக் குடுத்துட்ட. நான் நல்லவங்கறதால திருப்பிக் குடுத்துட்டேன். நாளைக்குக் காலையில உனக்கு போன் வரும், ஒழுங்கா பல்லு வெளக்கிட்டுப் பேசு."

பிறகு என்னிடம் கொடுக்கச் சொன்னாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டீச்சர், உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்றேன். அவங்க ஆரம்பிச்சதுமே அது நான் இல்லன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா ரெண்டு நிமிஷம் பேசவிட்டேன். மே மாசத்துலேருந்து யாருமே போன் பண்ணல டீச்சர். கேக்க நல்லாயிருந்துச்சு" என்றாள். அவளுக்குப் பிடித்த பேஸ்டி, அதுதான் இறைச்சி அடைத்துச் சுட்ட அப்பம், ஆறு செய்து வைத்திருக்கிறேன், இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு அவள் வீட்டுக்குத்தான் போகிறேன்.

நேற்றுக் காலை எட்டரைக்கு ஹாலோரன் கூப்பிட்டார். கைசா போனை மேசையில் வைத்து, எனக்கும் கேட்கும்படி செய்தாள். அந்தப் பெண்மணிக்குச் சிரிக்கவும் தெரியும் என்று அப்போதுதான் தெரிந்தது. "பட்டியல்ல ரெண்டு அங்குலம் ஏத்திப் போடாத கிளப்பே கிடையாதும்மா. பத்து அங்குலம் ஏத்தியிருக்காங்களே, அந்த தைரியசாலியை ஒரு தடவை நேர்ல பாக்கணும்னு நெனச்சேன்" என்றார். உடனே கைசா, "நான் அஞ்சடி அஞ்சு மேடம். என் பேருக்கு நேரா ஏழுன்னு போட்டிருக்கும், அதுவும் தப்புதான்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஏற்கெனவே கழுவிய தட்டை மறுபடியும் கழுவினேன்.

"உயரமா எங்கிட்ட நாலு பேர் இருக்காங்க. பந்தை அவங்க கையில கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் ஆள் இல்ல" என்றார் ஹாலோரன். அடுத்து ஒரு கேள்வி கேட்டார். "வீட்டுலேருந்து ஒன்பது மணி நேரம் கார்ல வரணும். உனக்குப் பரவாயில்லையா?"

கைசா மறுபடியும் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். கொஞ்சம் அவசரமாகவே ஆட்டிவிட்டேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவள் இன்னும் ஒரு நொடி பார்த்துவிட்டுத்தான் "பரவாயில்ல மேடம்" என்றாள்.

இடம் உறுதி என்று இன்னும் சொல்லவில்லை. செப்டம்பர் இரண்டாவது வியாழன் மாலை நம் வீட்டுக்கு வருகிறார், அம்மா அப்பா இருவரோடும் பேசிவிட்டு முடிவைச் சொல்கிறாராம். என்ன சமைப்பது என்று இப்போதே ஒரு பட்டியல் போட்டுவிட்டேன். கைசா அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, அவங்க ஒருத்தங்கதான் வர்றாங்க, டீம் முழுக்க வரல" என்கிறாள்.

மற்றபடி வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கொட்டகைக் கதவு இறுகிப்போயிருக்கிறது, இழுத்தால் முக்கால்வாசிதான் திறக்கிறது. ரத்த அழுத்த மாத்திரையை வேளை தவறாமல் போடு.

அந்த வியாழக்கிழமை கப்பல் எந்தத் துறையில் நின்றாலும் இறங்கி வந்துவிடு. மாற்று ஆளுக்கு இப்போதே சொல்லிவை, கடைசி நேரத்தில் கேட்டால் கேப்டன் முகம் சுளிப்பார். கேட்கும்போது ஒரு நாள் கேட்காதே, ரெய்னோ, இரண்டு நாள் கேள். முதல் நாள் ஹாலோரனுக்காக. மறுநாள் கைசா காலை ஏழு மணிக்கே பயிற்சிக்குக் கிளம்பிவிடுவாள், இருட்டிய பிறகுதான் வருவாள். அந்த நாள் எதற்கு என்று கேப்டன் கேட்டால், கொட்டகைக் கதவைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிக்கொள்.

நீரும் காற்றும் உனக்கு அனுகூலமாக இருக்கட்டும்.

உன் அன்புள்ள,
லொரெய்ன்