ஆள்காட்டி அடைகாத்த பந்து

அம்மா, உங்கள் மூட்டுவலி தேவலையா? நான் நலம்.

நேற்று நான் பந்து பொறுக்கும் கோல்ஃப் மைதானத்தில் ஓர் ஆள்காட்டிக் குருவி வெள்ளைப் பந்தின் மேல் உட்கார்ந்திருந்தது. முந்தின நாள், அங்கே வேலை பார்க்கும் மகோகா அண்ணனின் புல்வெட்டும் வண்டி அதன் முட்டைகளை நசுக்கிவிட்டது. கூடு அங்கே இருப்பது எனக்குத் தெரியும். கூச்சத்தில் அவரிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

அண்ணன் சிரித்தார். "ஏய் நசிமியு, பந்து குஞ்சு பொரிக்குமாடி? பிடுங்கிட்டு வா, ஆடுறவர் கத்துறாரு!"

கைக்குழந்தையாகவே தம்பி பராசா இறந்த பிறகும், அவனைச் சுமந்த துணியை நீங்கள் வெறுமனே முதுகில் கட்டிக்கொண்டு நடந்தீர்களே. அந்தத் துணி இனி வேண்டாமென்றால் எனக்கு அனுப்புங்கள். இங்கே காலையில் குளிர்கிறது.

குருவியைத் தொடாமல், என் கூடையிலிருந்து வேறொரு பந்தை எடுத்து ஆடுபவரிடம் கொடுத்தேன்.