அளவு நாடா

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று முதலில் கேட்கவேண்டும், கேட்டுவிட்டேன். கோபத்தில் இருக்கிறேன், மற்ற முறையெல்லாம் எழுத வரவில்லை.

நீ அனுப்பிய பார்சல் வந்தது. பிரிக்காமலே பரண்மேல் போட்டுவிட்டேன். கைப்பயிற்சிக்கென்று முன்னால் அனுப்பிய ரப்பர் பந்து, ஸ்பிரிங் எல்லாமும் அங்கேதான் கிடக்கின்றன.

உன் அத்தானுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது. இனி அது வராது என்று டாக்டர் போன வருஷமே சொல்லிவிட்டார். நீதான் விடவில்லை. "நல்ல கையைக் கட்டிப் போடுக்கா, அப்பதான் இந்தக் கை வேலை செய்யும்" என்று போனில் படித்துப் படித்துச் சொன்னாய். நானும் புத்தி கெட்டுப்போய், தினமும் காலையில் அவருடைய இடது கையை நாற்காலியோடு கட்டினேன். எதனால் தெரியுமா? அவருடைய அளவு நாடாவால். முப்பது வருஷம் தையல் கடையில் அவர் கழுத்தில் கிடந்த நாடா.

போன செவ்வாய்க்கிழமை கட்டிவிட்டுத் துணி உலர்த்தப் போனேன். பக்கத்து வீட்டுக்காரியோடு பேசியதில் நேரம் போனது தெரியவில்லை. திரும்பி வந்தால், அவர் மூக்கின்மேல் ஒரு ஈ. விரட்டக் கை இல்லாமல் உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தார். "இந்தக் கை என்னடி தப்பு பண்ணிச்சு? இது நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, தம்பி. சும்மா கேட்டார்.

முடிச்சை அவிழ்த்துவிட்டேன். உன்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. என்மேல் வந்தது அதைவிட அதிகம். அதையும் சேர்த்து உன்மேலேயே கொட்டுகிறேன், வாங்கிக்கொள்.

அன்றோடு பயிற்சி நின்றது. மறுநாள் அவராகவே இடது கையில் சாக்பீஸை எடுத்துத் துணியில் ஒரு கோடு போட்டார். கோணல்மாணலாக வந்தது. "குடிகாரன் சட்டைக்கு ஆகும்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு இரண்டு வருஷம் ஆயிற்று. இப்போது தலையணை உறைக்கு அவர் கோடு போடுகிறார், வெட்டித் தைப்பது நான். வலது கை மடியில் சும்மா கிடக்கிறது. கிடக்கட்டும். இத்தனை நாள் அதை முறைத்துக்கொண்டே இருந்தோம். இப்போது குளிர் அடித்தால் ஒரு துண்டைப் போர்த்திவிடுகிறேன்.

நல்லது நினைத்துத்தான் செய்தாய், தெரியும். அப்பா படுக்கையில் கிடந்தபோது நீ பக்கத்தில் இல்லை, அது இன்னும் உன்னை உறுத்துகிறது, அதுவும் தெரியும். அதற்கு இவர் கை என்ன செய்யும்?

லீவு கிடைத்ததும் வா. வெறுங்கையோடு வா. வாசலில் அத்தான் இடது கையை நீட்டுவார். வலது கையைப் பார்க்காதே. நீயும் உன் இடது கையையே கொடு.

கோபம் பாதி குறைந்த,
அக்கா