சாந்த்ராகாச்சி சொக்கலிங்கம்

லேக் மார்க்கெட், கொல்கத்தா
12.2.2024

சௌ. சுப்புலக்ஷ்மிக்கு மஹாதேவன் ஆசீர்வாதம்.

நான் இருக்கிறபடி இருக்கிறேன். இடுப்பு அப்படியேதான். மூன்றாம் மாடியை விட்டுக் கடைசியாக இறங்கியது போன வருஷம் ரத யாத்திரை சமயத்தில், அதுவும் ஸ்ட்ரெச்சரில். காது இன்னும் மோசம். ஹைதராபாத்திலிருந்து நம் பெண் இந்துஜா போனில் கத்துவது கீழ் வீட்டு சுப்ரியா பௌதிக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்பதில்லை. அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். உனக்குக் கம்ப்யூட்டர் பற்றிச் சொன்னால் புரியாது, இருந்தாலும் சொல்கிறேன். நம் இன்டர்நெட் கம்பெனி அந்த நாளிலேயே நியூஸ்குரூப் என்று ஒரு வசதி கொடுத்திருந்தது. ஒருவர் எழுதிப் போடுவார், மற்றவர்கள் அதன் கீழே பதில் எழுதுவார்கள். போட்டோ கிடையாது, குட்மார்னிங் ரோஜாப்பூ கிடையாது, எழுத்து மட்டும்தான். கொல்கத்தா தமிழர்களுக்கென்று அதில் ஒரு குழு உண்டு. ஒரு காலத்தில் நூறு பேர் இருந்தோம். வாட்ஸ்அப் வந்ததும் ஒவ்வொருத்தராகக் கழன்றுகொண்டார்கள். இப்போது ஐந்தே பேர். நான், சாந்த்ராகாச்சி சொக்கலிங்கம், அலிப்பூரில் பாங்க் ஆபீசராக இருக்கும் குருபிரசாத், பத்மஜா என்று ஒரு அம்மாள், செக்டர் ஃபைவில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிற ராம்கி.

போன வாரம் கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வந்தது. மார்ச் 31-ஓடு நியூஸ்குரூப்பை நிறுத்துகிறார்களாம். உபயோகிப்பவர்கள் குறைவாம். மற்ற கம்பெனிக்காரர்கள் எல்லாம் என்றைக்கோ மூடிவிட்டார்கள், இவர்கள்தான் பாக்கி இருந்தார்கள். காலையில் காப்பி குடித்ததும் நான் போய் உட்காருகிற இடம் அதுதான். அதையும் மூடிவிட்டால் இந்த நாலு சுவரோடு நான் என்ன பேசுவது?

நீ இருக்கிற சாந்த்ராகாச்சியில்தான் சொக்கலிங்கமும் இருக்கிறார். ரயில்வே யார்டில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். நான் மனசு விட்டுப் பேசுவது அவரிடம் மட்டும்தான். விலாசம் கேட்டால் பேச்சை மாற்றுகிறார், கூச்ச சுபாவம் போலிருக்கிறது. உன் தங்கை வசுந்தரா ரயில்வேயில்தானே இருக்கிறாள். அவளிடம் சொல்லி விசாரித்து எழுது. அவசரம்.

இப்படிக்கு,
மஹாதேவன்


சாந்த்ராகாச்சி
20.2.2024

அநேக நமஸ்காரம். கடிதம் கிடைத்தது.

வசுந்தரா விசாரித்துவிட்டாள். அப்படி யாரையும் தெரியாது என்கிறார்கள். ஊரை விட்டுப் போயிருப்பாரோ என்னவோ. ஒரு குழு போனால் போகட்டுமே. இந்துஜா ஆசையாக வாங்கிக் கொடுத்த போனை டிராயரிலிருந்து எடுங்கள். அதிலும் எழுத்து வருகிறது. காது கேட்கவேண்டும் என்று இல்லை. லேக் மார்க்கெட் தமிழ்க்காரர்கள் நாற்பது பேர் அதில் குழு வைத்திருக்கிறார்களாம்.

இன்னொரு விஷயம். வசுந்தரா மே மாதம் ரிட்டையர் ஆகிறாள். க்வார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஸ்ரீரங்கம் போகலாம் என்கிறாள். நானும் அவளோடு போவதாக இருக்கிறேன். எனக்கும் அறுபத்தைந்து ஆகிறது, கொஞ்ச நாளாவது மூச்சு விட்டுக்கொண்டு இருக்கவேண்டும்.

சமையல் மாஷியிடம் சொல்லி மோரில் உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். சொன்னால் கேட்கிற ஆள் இல்லை நீங்கள், இருந்தாலும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
சுப்புலக்ஷ்மி


லேக் மார்க்கெட்
27.2.2024

சௌ. சுப்புலக்ஷ்மிக்கு ஆசீர்வாதம்.

போன் டிராயரில் இருப்பது உனக்கு எப்படித் தெரியும்? இந்துஜா சொல்லியிருப்பாள். அந்த நாற்பது பேர் குழுவை இரண்டு நாள் பார்த்தேன். யாரும் யாருக்கும் பதில் சொல்வதில்லை.

சொக்கலிங்கம் ஊரை விட்டுப் போகவில்லை. முந்தாநாள் கூட எழுதினார். யார்டில் கூட்ஸ் வண்டி தடம் புரண்டதால் லெவல் கிராசிங்கில் ஒரு மணி நேரம் நின்றாராம். வசுந்தரா சரியாக விசாரிக்கவில்லை. அவளுக்கு என்றைக்கு என் காரியத்தில் அக்கறை?

இங்கே ஒரு நாள் எப்படிப் போகிறது என்று உனக்குத் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே எதிர் வீட்டுச் சுவர். ஒன்பதுக்கு மாஷி வருவாள், சத்தமில்லாமல் வாயசைப்பாள், போவாள். பிறகு அந்த நாலு பேர்தான். குருபிரசாத் ஒரு முரடன், நான் எது சொன்னாலும் தப்பு என்பான். ஆனால் ஒரு நாள்கூடப் பதில் போடாமல் இருக்கமாட்டான். ராம்கிக்குப் பெண் பார்க்க இந்துஜாவின் சிநேகிதிகள் வரை கேட்டுவிட்டேன்.

நான் தீர்மானம் பண்ணிவிட்டேன். மார்ச் 10 ஞாயிற்றுக்கிழமை நானே சாந்த்ராகாச்சிக்கு வருகிறேன். நம் தெரு கிளப்காரர்களிடம் பேசியாகிவிட்டது. என்னை நாற்காலியில் வைத்துக் கட்டி, மூன்று மாடியும் தூக்கி இறக்கி டாக்சியில் ஏற்றுகிறார்களாம். "மேஷோமஷாய், அவ்வளவு பெரிய துர்கா பிரதிமையையே இந்தச் சந்தில் கொண்டுவருகிறோம், உங்களை இறக்கமாட்டோமா?" என்று பேப்பரில் எழுதிக் காட்டினார்கள். பிளேட் வைத்த இடுப்பு, கூடவே கூடாது என்றார் டாக்டர். டாக்டருக்குப் பேச ஆள் இருக்கிறது.

யார்டுப் பக்கம் வீடு வீடாகக் கேட்பேன். உன் வீட்டுக்கு வரமாட்டேன், பயப்படாதே.

இப்படிக்கு,
மஹாதேவன்


சாந்த்ராகாச்சி
4.3.2024
(ஸ்பீட் போஸ்ட்)

அநேக நமஸ்காரம்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பாதீர்கள். இதைப் படித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள். நாற்காலியில் மட்டும் ஏறாதீர்கள்.

சாந்த்ராகாச்சியில் சொக்கலிங்கம் என்று யாரும் இல்லை. அது நான்தான். குருபிரசாத்தும் நான்தான். பத்மஜாவும் ராம்கியும் நான்தான்.

1999-இல் இன்டர்நெட் இணைப்பு கொடுக்க ஆள் வந்தபோது, கப்பல் வந்திருக்கிறது என்று நீங்கள் கிடர்பூர் துறைமுகத்துக்குப் போய்விட்டீர்கள். பாரத்தை நான்தான் பூர்த்தி செய்தேன். ஒரு வீட்டுக்கு ஐந்து பேர் பதிவு செய்துகொள்ளலாம் என்றார் அவர். ஒன்று உங்களுக்கு. மீதி நாலும் சும்மா கிடந்தன, கடவுச்சொல் எழுதிய தாள் என்னிடம் இருந்தது. எங்கிருந்து போட்டாலும் அது திறக்கும் என்பதை இங்கே வந்த பிறகு வசுந்தரா கண்டுபிடித்தாள். எனக்குக் கம்ப்யூட்டர் வராது என்று நீங்களே சொல்லிக்கொண்டிருந்தீர்கள், நான் மறுக்கவில்லை.

ஒன்பது வருஷம் முன்னால் நான் ஏன் கிளம்பினேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆபீசிலிருந்து வந்து அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்வீர்கள். நான் ஏதாவது கேட்டால் திரும்பாமலே கையைத் தூக்கி "இரு" என்று காட்டுவீர்கள். அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் இங்கே வந்த பிறகு, சாப்பிட்டீர்களா, இருமல் நின்றதா என்று யாரைக் கேட்பது? குழுவைத் திறந்து நீங்கள் எழுதுவதைப் படிப்பேன். படிக்க மட்டும்தான் செய்தேன்.

ஆறு வருஷம் முன்னால் எல்லோரும் போய்விட்டார்கள். ஒரு நாள் நீங்கள், "யாராவது இருக்கிறீர்களா?" என்று எழுதியிருந்தீர்கள். நாலு நாள் யாரும் பதில் போடவில்லை. ஐந்தாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "இருக்கிறேன் சார், சாந்த்ராகாச்சியிலிருந்து சொக்கலிங்கம்" என்று எழுதினேன். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். இரண்டு பேர் மட்டும் எத்தனை நாள் பேசுவது என்று பத்மஜா வந்தாள். ராம்கி வந்தான். குருபிரசாத்தை உண்டாக்கியது உங்களைத் திட்டுவதற்கென்றே. அதை ஒத்துக்கொள்கிறேன், ரொம்பத் திருப்தியாக இருந்தது.

ஆனால் நாலு பேருக்குத் தினமும் எழுதுவது லேசுப்பட்ட காரியமா? யார் என்ன சொன்னார் என்று நோட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். மணிக்கட்டு வீங்கிவிட்டது. பூரிக்குப் போன இடத்தில் சிக்னல் கிடைக்கவில்லை என்று ஜகந்நாதரைக்கூட ஒழுங்காகப் பார்க்காமல் திரும்பினேன். "அக்கா, இது என்னடி அநியாயம்? அந்த மனுஷனை விட்டுட்டு வந்தேங்கறே, இப்போ நாலு பேரா அவருக்குச் சேவகம் பண்ணிண்டிருக்கியே!" என்று வசுந்தரா தலையில் அடித்துக்கொள்வாள். பத்மஜாவைச் சாகடித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். நீங்கள் உருகி உருகி இரங்கல் எழுதுவீர்கள், அதையும் நானே படிக்கவேண்டும்.

மூடப் போகிறார்கள் என்ற நோட்டீஸ் எனக்கும் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் சந்தோஷப்பட்டேன். விட்டது சனியன் என்றுகூட வாய்விட்டுச் சொன்னேன். அப்புறம் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷம் முன்னால் சொக்கலிங்கத்துக்கு எழுதினீர்கள்: "என் மனைவி போனது என் தப்பு சார். அவளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை." அதைப் படித்துவிட்டு நான் என்ன செய்ய முடியும்? "எல்லா வீட்டிலும் உள்ளதுதான் சார், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்" என்று பதில் எழுதினேன். என்னை விட்டுக்கொடுத்து நானே எழுதினேன். அது இன்னும் எனக்கு வலிக்கிறது.

ஏமாற்றியதற்கு மன்னித்துவிடுங்கள். என்னையும் இதிலிருந்து விட்டுவிடுங்கள்.

சுப்புலக்ஷ்மி


சாந்த்ராகாச்சி
18.3.2024

அநேக நமஸ்காரம்.

பதில் இல்லை. சுப்ரியாவுக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை கிளப்காரர்கள் நாற்காலியோடு வந்ததாகவும், நீங்கள் கதவைத் திறக்காமல் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் சொன்னாள். பெருமாள் காப்பாற்றினார்.

"எதுக்கும் பதில் சொல்றதில்லை, சுவத்தைப் பார்த்துண்டு உட்கார்ந்திருக்கார்" என்று மாஷி அவளிடம் சொன்னாளாம். குழுவிலும் உங்கள் பெயரில் ஒன்றும் இல்லை. அங்கே போய் என்னாலும் எழுத முடியவில்லை. எந்தப் பெயரில் எழுதுவேன்?

கோபமாக இரண்டு வரியாவது எழுதுங்கள். உங்கள் கோபம் எனக்குப் பழக்கம்தான்.

சுப்புலக்ஷ்மி


லேக் மார்க்கெட்
26.3.2024

திரு. சொக்கலிங்கம் அவர்கள்,
மேற்பார்வை: ஸ்ரீமதி சுப்புலக்ஷ்மி, சாந்த்ராகாச்சி

அன்பு நண்பருக்கு வணக்கம்.

முதல் தடவையாகத் தபாலில் எழுதுகிறேன் சார். சுப்புலக்ஷ்மியின் கடிதத்தைப் படித்தேன். பத்துத் தடவை படித்திருப்பேன். அவமானமாக இருந்தது. மூக்குக் கண்ணாடிக்கு முன்னால் நடந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. ராம்கிக்குப் பெண் தேடினேனே, இந்துஜா கேட்டால் என்ன சொல்வேன்? பத்மஜா அம்மாள் எழுதிக் கொடுத்த ரசத்தை மாஷியிடம் வைக்கச் சொல்லி, "இது என் மனைவி வைக்கிற மாதிரியே இருக்கிறது" என்று அந்த அம்மாளுக்கே எழுதினேன். சிரித்திருப்பாளா சார்?

குருபிரசாத் இல்லை என்கிறாள். தொலையட்டும். மற்ற இரண்டு பேரும் இல்லை, சரி. நீங்கள் இல்லை என்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அவளுக்கு எழுத உட்கார்ந்தால் எனக்கு மருந்துச் சீட்டு, கரண்ட் பில், ஆதார் கார்டு என்றுதான் வருகிறது. நேற்று டோல் பண்டிகை, தெருவில் வர்ணம் தூவிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அதை அவளுக்கு எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். வரவில்லை. உங்கள் பெயரைப் போட்டதும் பாருங்கள், ஒரு பக்கம் ஓடிவிட்டது.

அவள் ஸ்ரீரங்கம் போகிறாள். அவளைத் தடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? நீங்களும் கூடப் போவீர்கள் என்று நினைக்கிறேன். எங்கே இருந்தாலும் வாரம் ஒரு கடிதம் போடுங்கள் சார். அதுவும் இல்லையென்றால் இந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டிவிடும்.

அவள் கையெழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை.

தங்கள்,
மஹாதேவன்


சாந்த்ராகாச்சி
2.4.2024

அநேக நமஸ்காரம்.

முந்தாநாள் சாயந்திரம் கடைசியாக ஒரு தடவை குழுவைத் திறந்து பார்த்தேன். நேற்று அது திறக்கவில்லை, மூடிவிட்டார்கள்.

சொக்கலிங்கத்துக்கு வந்த கடிதத்தைப் படித்தேன். அழுதேன். ஆமாம், அந்த ரசத்துக்குச் சிரித்தேன், வசுந்தராவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு பதில் எழுத உட்கார்ந்தேன். "வணக்கம் சார்" என்று ஆரம்பித்ததும் கை தானாக ஓடியது. இரண்டு பக்கம் எழுதினேன். நல்ல கடிதம், உங்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கும். கிழித்துப் போட்டுவிட்டேன்.

இதை எழுத நாலு நாள் ஆயிற்று. உங்களோடு பேச எனக்கும் வராது என்பது இப்போதுதான் தெரிகிறது. ஒரு ஆம்பிளை பெயருக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் எனக்கும் வந்தது. உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. ஆனால் நீங்கள் அவரிடம் "என் தப்பு" என்று சொன்னதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அது எனக்கு வந்தது இல்லையே. திறந்து படித்தது மட்டும்தான் நான்.

மே 31 வரை இந்த விலாசம். அதற்குப் பிறகு ஸ்ரீரங்கம், அந்த விலாசத்தைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். மருந்துச் சீட்டு, கரண்ட் பில் என்றுதான் வருகிறது என்றால் அதையே எழுதுங்கள். எத்தனை மாத்திரை பாக்கி என்று எழுதினாலும் பதில் போடுவேன்.

சொக்கலிங்கம் பெயருக்கு வந்தால் பிரிக்கமாட்டேன். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று மேலே எழுதித் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

உங்கள்,
சுப்புலக்ஷ்மி