கிடந்தது போதும்

விசுவாவசு, ஆவணி 7, சனி

காலையில் வாசலில் வைத்துப்போன தண்ணீர்க் கேனைத் தூக்கி, உள்ளே திரும்பினேன். இடுப்புக்கு மேலே வலப்புறம் ஏதோ சுண்டி இழுத்தது. கேனை இறக்கினேன், நிமிர இயலவில்லை. கதவைப் பற்றியபடி திருநாமம் சொல்லிக்கொண்டே நின்றேன்.

ஆவணி 8, ஞாயிறு

இருமினால் உயிர் போகிறது.

ஆவணி 9, திங்கள்

உறக்கமில்லை. அண்ணா ஸ்ரீவத்சனுக்கும் இப்படித்தானே தொடங்கிற்று? முதுகுவலி என்று படுத்தார். தண்டுவடத்தில் கட்டி என்றார்கள். பிறகு எழவேயில்லை. மனைவி வஞ்சுளவல்லியிடம் இந்த அச்சத்தைச் சொல்லவில்லை; அழுவாள். யாக்கை நிலையாதது என்று ஊருக்கெல்லாம் உரை சொன்னவன் நான். என் யாக்கை என்றதும் ஏன் இத்தனை பதைப்பு? புரட்டாசி முதல் சனிக்கிழமை திருநீர்மலை ஏற வேண்டுமே — ஏறுவேனா?

ஆவணி 10, செவ்வாய்

மருத்துவர் முதுகை அழுத்திப் பார்த்தார். கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் கழிப்பதில் சிரமமா என்று வினவினார். இரண்டும் இல்லை. "தசைதான் சார் இழுத்துக்கிச்சு. ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்க, போதும்." அண்ணாவைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன், அருகில் வஞ்சுளம்.

இரண்டு நாள் எம்மட்டு? ஆவணி முடியும்வரை, குளியலறைக்கன்றிப் படுக்கையை விட்டு எழுவதில்லை என்று சங்கற்பம் செய்துகொண்டேன்.

ஆவணி 16, திங்கள்

வலி கூடியிருக்கிறது. எழுந்தால் தொடை நடுங்குகிறது. மின்விசிறியையே பார்த்துக் கிடக்கிறேன். பாசுரம் தொடங்கினால் நடுவில் அடி தப்புகிறது. எனக்கா! "விரதத்தைக் கொஞ்சம் விடுங்களேன்" என்றாள் வஞ்சுளம். சீறி விழுந்தேன். பெருமாளே, கட்டிதானோ? என்ன பண்ணுவேன்?

ஆவணி 18, புதன்

என்னைக் கேளாமலே பிசியோதெரபிஸ்ட் ஜோவிதாவை வஞ்சுளம் வீட்டுக்கு வரவழைத்துவிட்டாள்.

"யாரு அங்கிள் உங்கள இத்தன நாள் படுக்கச் சொன்னா?"

"சங்கற்பம், அம்மா."

"சங்கற்பமோ என்னமோ, முதுகு பலகையாட்டம் இறுகிப் போச்சு. அரை மணிக்கு ஒருக்கா மாத்திகிட்டே இருக்கணும். கொஞ்சம் நில்லுங்க, உக்காருங்க, படுங்க, நடங்க."

வஞ்சுளம் சிரித்துவிட்டாள். "ஏன்னா, திருநீர்மலைல நம்ம பெருமாளே நின்னு, இருந்து, கிடந்து, நடந்துன்னு நாலு கோலத்துல சேவை சாதிக்கறார். நீங்க கிடந்தது போதும்."

ஆண்டுதோறும் அந்நான்கையும் சேவித்து வந்தவன் நான். மெல்ல எழுந்து உட்கார்ந்தேன். பிறகு, அண்ணாவின் கதையைக் கொட்டிவிட்டேன்.

வஞ்சுளம் அழவில்லை. "இதையா இத்தனை நாள் முழுங்கிண்டிருந்தேள்?"

"அசையறப்பதான வலி? அப்ப தசைதான் அங்கிள்," என்றாள் ஜோவிதா. "குறையலேன்னா நானே டாக்டர்கிட்ட திருப்பி அனுப்பறேன். கீழ விழுந்து சேவிக்கறது மட்டும் இப்போதைக்கு வேணாம்."

ஆவணி 25, புதன்

வெந்நீர் ஒத்தடம். தெருமுனைவரை நடை. ஐயம் முற்றும் அகலவில்லை — தும்மும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறது.

புரட்டாசி 4, சனி

மலையேறினோம், நின்று நின்று. பின்னாலிருந்து ஒருவன், "பெருசு, ஓரமா நில்லு, ஜனம் வந்துகினு கீது!" என்றான். நின்றேன், கோபம் வரவில்லை.

சன்னிதியில் தண்டனிடாமல் கைகூப்பினேன். எனக்கும் சேர்த்து வஞ்சுளம் விழுந்து சேவித்தாள். முழங்கால் பிடித்துக்கொள்ள, எழத் தடுமாறினாள். கைகொடுத்துத் தூக்கிவிட்டேன்.

பாதிப் படி இறங்கிய பிறகே கேட்டாள்: "ஏன்னா, என்னைத் தூக்கினேளே, வலிச்சுதா?"

யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது.