ஜோடியாக வாங்கிய பவர் பேங்க்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் இடுப்புவலி தேவலையா?

இங்கே ஒரு சின்னக் கூத்து. அறையில் ஆறு பேருக்கு ஒரே பிளக் என்பதால், பவர் பேங்கைத் தலையணைக்கடியில் வைத்துத்தான் தூங்குவோம். நேற்று மதியம், நைட் ஷிப்ட் முடிந்து தூங்கும்போது என்னுடையது உப்பிப்போய்ப் புகைந்தது. பக்கத்துக் கட்டில் வெல்டர்தான் என்னை இழுத்துப் போட்டான். எனக்கு ஒன்றுமில்லை, போன்தான் கருகிவிட்டது.

"தர முத்திரையே இல்ல, எழுத்து மட்டும் பெருசு. பார்த்து வாங்க மாட்டியாடா?" என்று திட்டினான்.

இதனோடு ஜோடியாக வாங்கியதைத்தான் உனக்கு அனுப்பினேன். பாப்பா அதைப் போனில் சொருகிக்கொண்டே கார்ட்டூன் பார்ப்பாளே! உடனே கழற்றி, வெளியே மண்ணில் வை.

உன் நம்பர் எனக்கு மனப்பாடமில்லை, போனோடு போய்விட்டது. நம் ஊருக்கு வரும் லாரி டிரைவரிடம் இதைக் கொடுக்கிறேன். அவரிடம் வெல்டர் நம்பர் இருக்கிறது. படித்த கையோடு கூப்பிடு. டிரைவர் கிளம்ப ஹாரன் அடிக்கிறார்.

முதலில் பாப்பா பேசட்டும்.