பின்னால் நின்ற நண்டுகள்

இழுப்பறையைத் திறந்தால் இன்னும் நண்டு வாடை. மீமிசல் கரையில் நாம் நண்டு ஓடு அளந்த வெர்னியர் அளவுகோல் அதில்தான் கிடக்கிறது. உப்பேறி, நகர மறுக்கிறது. நீ இல்லாமல் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது.

நாட்டுப்படகுக்காரர்கள் கூடை கூடையாக அளக்க விட்டார்கள். விசைப்படகில் கிடைத்தது கொஞ்சம்தான். அதில் பெரும்பாலும் குஞ்சு நண்டு. புதுக்கோட்டை அறைக்குத் திரும்பி, எந்த அளவில் எத்தனை நண்டு என்று இரண்டின் ஹிஸ்டோகிராமையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தோம். விசைப்படகின் பட்டைகள் குட்டையாக, நாட்டுப்படகின் நீலப் பட்டைகளுக்குப் பின்னால் மறைந்துபோயின.

"ஒன்னைய மாதிரியே இருக்குடி. குரூப் போட்டோவுல நீ எங்கிட்டு நிக்கிறன்னே தெரியாதுல்ல?" என்றேன்.

"போடி நெட்டச்சி. நீ வந்து முன்னாடி நின்னா?"

சிரித்துக்கொண்டே எண்ணிக்கையைச் சதவீதமாக மாற்றினாய். முன்னால் நின்ற நீலத்தைக் கண்ணாடிபோல் ஆக்கினாய். இடப்பக்கம் விசைப்படகின் குஞ்சு நண்டுகள் உயரமாக எழுந்து நின்றன. "பின்னால நிக்கிறவ மூஞ்சியும் தெரியணும்ல" என்றாய். அதை நம்பித்தான், கரையில் மீனவர் கூட்டத்தில் காட்டவேண்டிய படத்தை உன்னிடம் விட்டேன்.

திரையில் வந்தது பழைய படம். வெறும் எண்ணிக்கை, அடர்ந்த நீலம், கீழே நம் இருவர் பெயர். "பாத்தீங்கல்ல, குஞ்சு நண்ட நாங்க புடிக்கல" என்று விசைப்படகுக்காரர் ஒருவர் கை தட்டினார். கூடையைத் திறந்துவிட்ட நாட்டுப்படகுக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதான தாயி அளந்தீங்க?"

வெளியே வந்து உன்னைக் கேட்டேன்.

"எங்க அண்ணன் விசைப்படகும் அங்கதான்டி நிக்குது. நான் வீட்டுல சோறு திங்க வேணாமா?"

தின்ன வேண்டும்தான். என் பெயரையாவது எடுத்திருக்கலாமே. பஸ் ஏறினேன். கோபம் தணிவதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

உன் அஞ்சலி பேனருக்கு நம் குரூப் போட்டோவைத்தான் வெட்டியிருந்தார்கள். உன் தோளில் என் கை மட்டும் மிச்சமிருந்தது. அதைப் பார்த்து அழுதேன். அழும்போதும் கோபம் போகவில்லை.

நாளை அதே கரையில் மறுபடி கூட்டம். இன்று படத்தைத் திரும்ப வரைந்தேன். சதவீதம், கண்ணாடி நீலம். பின்னால் நிற்பவள் முகமும் தெரியவேண்டும் என்று நீ சொன்னாய், நீ காப்பாற்றவில்லை. அந்தச் சொல்லை இனி நான் வைத்துக்கொள்கிறேன். கீழே உன் பெயரை எடுத்துவிடலாமா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலில் என்னோடு குந்தி உட்கார்ந்து பாதி நண்டை அளந்தவள் நீதானே.

அளந்தவர்கள் என்று இருவர் பெயரையும் போட்டேன். வரைந்தவர் என்று என் பெயரை மட்டும்.